கேர்ள் ஸ்கவுட்ஸ்: குக்கி விற்கத்தானா இத்தனை பாடு?

கேள்வி | 2024 செப்டம்பர் 8

அக்கா, மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் கொடுத்த துண்டுத்தாளைப் பார்த்துவிட்டு, பெண்பிள்ளைகளின் சாரணர் இயக்கமான கேர்ள் ஸ்கவுட்ஸில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். விசாரித்தால், இருக்கும் ட்ரூப்பில் (குழுவில்) இடமில்லை, பெற்றோரில் இருவர் லீடராக முன்வந்தால் புதிதாக ஒன்று தொடங்கலாம் என்கிறார்கள். நான் ஊரில் பள்ளி நாட்களில் கைடாக இருந்தவள்; நீலச் சீருடை, ஸ்கார்ஃப், கயிற்று முடிச்சு, இவ்வளவுதான் ஞாபகம். இங்கே அமெரிக்காவில் பார்த்தால் வருஷம் முழுக்க குக்கி (இனிப்பு பிஸ்கட்) விற்பது போலத் தெரிகிறது. பிள்ளைகளை வைத்து ஒரு கம்பெனி சம்பளமில்லாமல் வேலை வாங்குகிறது என்கிறார் கணவர். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வேறு. ஒப்புக்கொண்டால் மாட்டிக்கொள்வேனா?

செப்டம்பர் 8, இரவு

மாட்டிக்கொள்வீர்கள். ஆனால் நீங்கள் பயப்படுகிற இடத்தில் இல்லை. குக்கி ஜனவரியில் தொடங்கி ஏப்ரலுக்குள் அடங்கிவிடும். அந்த நேரத்தில் கடை வாசலில் மேசை போட்டு நிற்பதால் ஊருக்கே தெரிகிறது, மற்ற மாதங்களில் அவர்கள் செய்வது யார் கண்ணிலும் படுவதில்லை. லீடரைக் களைக்க வைப்பது பிள்ளைகளும் இல்லை, குக்கியும் இல்லை. "எத்தனை மணிக்கு வந்து கூட்டிக்கொண்டு போகணும்?" என்று மட்டும் கேட்கிற மற்ற பெற்றோர்கள்தான். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், பாத்திரம் கிடக்கிறது.

செப்டம்பர் 10

முதலில் விதி. ட்ரூப்புக்குக் குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும். இருவரும் ஒருவருக்கொருவர் உறவாக இருக்கக் கூடாது, ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், இருவருக்கும் பின்னணிச் சோதனை முடிந்திருக்க வேண்டும். ஆகவே "நானும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம்" என்பது செல்லாது.

கே.ஜி., ஒன்றாம் வகுப்பு என்றால் டெய்சி. இரண்டும் மூன்றும் ப்ரௌனி, உங்கள் மகள் அங்கேதான் வருவாள். அப்புறம் ஜூனியர், கேடட், சீனியர், அம்பாசிடர் என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை போகும். என்னுடையது இப்போது ஐந்தாம் வகுப்பு ஜூனியர் ட்ரூப், ப்ரௌனி காலத்திலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறேன்.

ப்ரௌனி கூட்டத்துக்கு 20 பிள்ளைகள் வரை இரண்டு பெரியவர்கள் போதும். வெளியே கூட்டிப்போனால் அதே இருவருக்கு 12 பிள்ளைகள்தான். எல்லாத் தகராறும் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் நடக்கும். கூட்டத்துக்குப் பதினைந்து பேர் வருவார்கள், பூசணித் தோட்டத்துக்குப் போகிற அன்று மூன்றாவது ஆள் கிடைக்க மாட்டார். நான் சொல்வது, பன்னிரண்டோடு நிறுத்துங்கள். பதிமூன்றாவது பிள்ளையின் அம்மா எவ்வளவு நல்ல சாம்பார் வைத்துக்கொண்டு வந்தாலும் சரி, அவர் பின்னணிச் சோதனைக்குப் படிவம் போட்ட பிறகுதான் சேர்க்கை.

செப்டம்பர் 15

"லீடருக்கு என்ன உதவி கிடைக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள். கிடைப்பது குறைவு இல்லை, கொட்டிக்கிடக்கிறது, அதுதான் சிக்கல். இணையப் பயிற்சி ஒரு பக்கம். வாலண்டியர் டூல்கிட் என்று ஒன்று, அதில் ஒவ்வொரு பேட்ஜுக்கும் கூட்டத்தை எப்படி நடத்துவது, என்ன வாங்குவது, எத்தனை நிமிஷம் பேசுவது என்பது வரை எழுதி வைத்திருப்பார்கள். வாலண்டியர் எசென்ஷியல்ஸ் என்று ஒரு கையேடு. சேஃப்டி ஆக்டிவிட்டி செக்பாயிண்ட்ஸ் என்று இன்னொன்று, படகு, குதிரை, நீச்சல், காற்று ஊதிய துள்ளுவீடு வரை எதை எந்த வயதில் எப்படிச் செய்யலாம் என்று.

கடைசியாகச் சொன்னதை மட்டும் முதலில் படியுங்கள். ஏனென்றால் நீங்கள் ஆசையாக ஒரு இடத்துக்குப் பணம் கட்டிவிட்ட பிறகு, அந்த வயதுக்கு அது கூடாது என்று தெரிந்தால் வயிறு எரியும். மற்றதெல்லாம் அந்தந்த நேரத்துக்கு எடுத்துப் பார்த்தால் போதும். டூல்கிட்டில் உள்ளதை அப்படியே ஒப்பித்தால் கூட்டம் இன்னொரு வகுப்பறை ஆகிவிடும், பிள்ளைகள் அப்போதுதான் பள்ளி விட்டு வந்திருப்பார்கள், பாவம். பாதித் திட்டத்தை எடுங்கள், மீதி நேரம் ஓடட்டும்.

உண்மையான உதவி சர்வீஸ் யூனிட். உங்கள் ஊர்ப்பக்கத்து லீடர்கள் கூடும் கூட்டம் அது. கூடாரம் யார் வீட்டு கராஜில் இருக்கிறது, எந்த நூலகம் இலவசமாக அறை தரும், எந்தத் தீயணைப்பு நிலையத்தில் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக் காட்டுவார்கள், இதெல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும் பழைய அம்மாக்களின் மண்டையில்தான் இருக்கிறது, எந்தக் கையேட்டிலும் இல்லை.

செப்டம்பர் 15, கொஞ்ச நேரம் கழித்து

மறந்துவிட்டேன். உழைத்துச் சம்பாதித்த பேட்ஜ், சீருடையான கையில்லாச் சட்டையின், அதாவது வெஸ்டின், முன்பக்கம். பூசணித் தோட்டம் போனதற்கும் பனிச்சறுக்கு போனதற்கும் கிடைக்கிற வேடிக்கை வில்லைகள் பின்பக்கம். இஸ்திரிப்பெட்டியால் ஒட்டினால் ஒட்டும் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம், ஊசி நூல் எடுங்கள்.

செப்டம்பர் 29

உறுப்பினர் ஆண்டு அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரை. அதனால் இப்போது எல்லாரும் சேர்ந்து அடித்துப்பிடித்துக் கட்டுவார்கள். 2025 உறுப்பினர் ஆண்டுக்கு 25 டாலர்.

இலையுதிர் காலத்தில் ஒரு சின்ன விற்பனை உண்டு: வறுத்த பருப்புகள், சாக்லேட், பத்திரிகைச் சந்தா. கட்டாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் புது ட்ரூப்புக்குக் கையில் ஒரு காசும் இருக்காது, குக்கிப் பணம் வசந்தத்தில்தான் வரும், அதுவரை பசையும் காகிதமும் உங்கள் பர்ஸில் இருந்துதான் போகும். முந்திரியையும் பாதாமையும் நம் வீட்டுப் பெரியவர்கள் தயங்காமல் வாங்குவார்கள், இனிப்பு பிஸ்கட் என்றால்தான் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுவார்கள். ஆகவே தொடக்கத்துக்கு இது நல்லது.

யாரோ கீழே "பாய் ஸ்கவுட்ஸிலேயே பெண்களையும் சேர்க்கிறார்களே, அங்கே போனால் என்ன" என்று கேட்டிருக்கிறார்கள். போகலாம். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கான பிரிவான கப் ஸ்கவுட்ஸில் 2018 முதல் பெண்பிள்ளைகள் உண்டு. இரண்டும் வேறு வேறு அமைப்பு, பெயரை வைத்து நீதிமன்றம் வரை போய் 2022-இல் வழக்கு தள்ளுபடி ஆனது. என் மகள் பெண்பிள்ளைகள் மட்டும் இருக்கும் இடத்தில்தான் வாய் திறக்கிறாள், எனக்கு அது போதும்.

அக்டோபர் 31

இன்றைக்குத் தீபாவளி, ஹாலோவீன், கூடவே ஜூலியட் கார்டன் லோ பிறந்த நாள், மூன்றும் ஒரே தேதியில். காலையில் எண்ணெய்க் குளியல், மாலையில் சூனியக்காரி வேஷம்.

இந்த அம்மாள்தான் இயக்கத்தைத் தொடங்கியவர். 1860-இல் ஜார்ஜியாவின் சவானாவில் பிறந்தார். தன் கல்யாணத்தில் மணமக்கள் மேல் எறிந்த அரிசி ஒன்று காதுக்குள் போய், அதை எடுக்கப்போய் அந்தக் காதே போய்விட்டது. ஏற்கெனவே இன்னொரு காதும் சரியாகக் கேட்காது. அட்சதையை முகத்தைப் பார்த்துக் குறிவைக்கிற என் சித்தப்பாவுக்கு இதைச் சொல்லியாயிற்று, அவர் சிரித்ததோடு சரி. 1912 மார்ச் 12-இல் 18 பிள்ளைகளோடு முதல் குழு. செலவுக்குப் பணமில்லாமல் 1914-இல் தன் முத்துமாலையை 8,000 டாலருக்கு விற்றார். அப்போது குக்கி விற்பனை வந்திருக்கவில்லை!

நவம்பர் 11

முகாம் போய் வந்தோம். முகாம் என்றால் நெருப்பு என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். இந்த அக்டோபரில் நியூ ஜெர்சியில் மழை என்ற பேச்சே இல்லை, மாநிலம் முழுக்கத் திறந்த தீக்குத் தடை, காடுகள் அங்கங்கே எரிந்தன. தரைக்கு மேலே தூக்கி வைத்த கேஸ் அடுப்புக்கு மட்டும் அனுமதி இருந்தது.

தீ இல்லாவிட்டால் எதற்குப் போகிறோம் என்று இரண்டு அம்மாக்கள் பின்வாங்கினார்கள். பிள்ளைகளிடமே கேட்டேன், போகலாம் என்றார்கள். பேட்டரி விளக்கை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள், கேஸ் அடுப்பில் மார்ஷ்மல்லோ சுட்டார்கள். பாட்டுக்கும் பேய்க்கதைக்கும் அது போதுமாக இருந்தது. காபர் சார்ட் என்கிற வேலைப்பட்டியலையும் அவர்களே போட்டார்கள்: யார் சமையல், யார் பாத்திரம், யார் தண்ணீர். பாத்திரம் கழுவ மூன்று தொட்டி வரிசை, சோப்பு, அலசல், கிருமிநீக்கி. வீட்டில் தட்டைக் கூட எடுத்துப் போடாத என் பெண் அங்கே மற்றவளுக்கு "இன்னும் சோப்பு போகலை, திரும்ப அலசு" என்று உத்தரவு போடுகிறாள்.

சைவக் குடும்பங்களுக்கு: சாதாரண மார்ஷ்மல்லோவில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. ஜெலட்டின் இல்லாதது தனியாகக் கிடைக்கிறது, கொஞ்சம் விலை அதிகம், நன்றாகவே உருகும். இதை முதல் கூட்டத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் போன பிறகு ஒரு குழந்தை கையில் குச்சியோடு நிற்கும்போது கேட்காதீர்கள்.

ப்ரௌனிக்கு உடனே கூடாரம் வேண்டாம். முதலில் பகல் உலா, அப்புறம் உள்ளே படுக்கும் ஓர் இரவு, அப்புறம் கேபின், அதற்கும் அப்புறம்தான் கூடாரம். இரவு தங்கினால் முகாம் பயிற்சி முடித்த ஒருவரும் முதலுதவிச் சான்று உள்ள ஒருவரும் கூட வர வேண்டும். உறுப்பினர் கட்டணத்திலேயே விபத்துக் காப்பீடு அடங்கும், இரண்டு இரவுக்கு மேல் போனால் கூடுதலாக எடுக்க வேண்டும்.

2025 ஜனவரி 19

பொங்கல் பாத்திரம் காயவில்லை, குக்கி வந்துவிட்டது.

உங்கள் கணவருக்குப் பதில் சொல்லும் நேரம். 1917-இல் ஓக்லஹோமாவின் மஸ்கோகியில் ஒரு ட்ரூப் வீட்டில் சுட்டுப் பள்ளி உணவகத்தில் விற்றதில் தொடங்கியது இது. 1930-களில் கம்பெனிகள் சுட்டுத்தர ஆரம்பித்தன. இரண்டாம் உலகப்போரில் சர்க்கரை, மாவு, வெண்ணெய் தட்டுப்பாடு வந்தபோது குக்கிக்குப் பதில் நாட்காட்டி விற்றார்கள். இப்போது சுடுவது இரண்டே கம்பெனி. உங்கள் பகுதி ட்ரூப்புகளை நிர்வகிக்கும் கவுன்சில் எந்தக் கம்பெனியோடு இருக்கிறதோ அதைப் பொறுத்துப் பெயர் மாறும்: ஒரு பக்கம் சமோவா என்பதை இன்னொரு பக்கம் கேரமல் டிலைட் என்பார்கள். தின் மின்ட் இரண்டு பக்கமும் தின் மின்ட்தான், பால் முட்டை எதுவும் இல்லாதது, ஆகவே நம் ஆட்களிடம் அதுதான் முதலில் தீரும்.

சுட்ட கம்பெனிக்கு அதன் விலை போக மீதி உள்ளூர் கவுன்சிலுக்கும் ட்ரூப்புக்கும். எங்கள் பக்கம் ட்ரூப்புக்குப் பெட்டிக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத்தான் நிற்கிறது. ஒருத்தி ஐந்நூறு விற்றாலும் இன்னொருத்தி ஐம்பது விற்றாலும் அந்தப் பணம் ட்ரூப்புக்குப் பொது, "என் பெண் விற்றது என் பெண்ணுக்கு" என்று பிரிக்க வரிச்சட்டம் இடம் தராது. இதை ஜனவரிக்கு முன்பே பெற்றோரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், ஏப்ரலில் சொன்னால் முகம் சுருங்கும்.

இன்னொன்று. எடுத்த பெட்டியைத் திருப்ப முடியாது, குறைந்தபட்சம் எங்கள் கவுன்சிலில். ஆகவே லீடர் நீங்கள் என்றால் குக்கி மேனேஜர் வேறு ஒருவர். இதில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். கணக்கில் கெட்டியான ஒரு அப்பாவைப் பிடியுங்கள், ஐ.டி.யில் இருக்கும் அப்பாக்கள் எக்செல் என்றதும் தானாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் ட்ரூப்பில் ஓர் அப்பா ஒவ்வொரு சுவைக்கும் ஒரு நிறம் கொடுத்து வரைபடம் போட்டு அனுப்புகிறார், யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 10

கடைவாசல் பூத். கை உறைந்துபோகும் குளிர். பிள்ளைகளுக்கு வெந்நீர்ப் பை, பெரியவர்களுக்கு ஃபிளாஸ்க்கில் காபி. ஒரு பூத்துக்கு இரண்டு மணி நேரம் போதும், அதற்கு மேல் சின்னப் பிள்ளைகள் வாங்க வருபவர்களைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேசைக்கு அடியில் வீடு கட்டுவார்கள்.

வாங்குபவர் கேட்டால் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும், நாம் பின்னால் நிற்க வேண்டும். எனக்கு இது வருவதில்லை, நாக்கு அரிக்கும். "வேண்டாம், நன்றி" என்று நூறு பேர் சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டபடி புன்னகையோடு நிற்பதை ஐந்தாம் வகுப்பில் கற்றுக்கொள்கிறார்கள், நான் வேலைக்கு வந்த பிறகும் கற்றுக்கொள்ளவில்லை.

ஸ்மோர்ஸ் குக்கி 2025 பருவத்தோடு நிறுத்தம் என்று அறிவித்துவிட்டார்கள். உடனே அதற்குக் கிராக்கி. ஒழியப்போகிறது என்றால்தான் வாங்குவோம்.

பிப்ரவரி 23

நேற்று வேர்ல்ட் திங்கிங் டே, உலகத்துக் கைடுகளும் கேர்ள் ஸ்கவுட்டுகளும் ஒருவரையொருவர் நினைத்துக்கொள்ளும் நாள். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலுக்கும் அவர் மனைவி ஒலேவுக்கும் பிறந்த நாள் ஒரே பிப்ரவரி 22. 1926-இல் நியூயார்க் பக்கம் நடந்த உலக மாநாட்டில் முடிவு செய்த நாள் இது. ஒவ்வொரு ட்ரூப்பும் ஒரு நாட்டை எடுத்து மேசை போடும், பிள்ளைகள் கையில் விளையாட்டு பாஸ்போர்ட்டோடு முத்திரை வாங்கிச் சுற்றுவார்கள். எங்களுக்கு வழக்கம்போல் இந்தியா. ஒரு தடவையாவது நார்வே கொடுங்கள் என்றேன், யாரும் கேட்கவில்லை.

சரி என்று இந்த முறை சமோசாவையும் மருதாணியையும் விட்டுவிட்டோம். பூனேயில் சங்கம் என்ற உலக மையம் 1966-இலிருந்து இருக்கிறது, உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கைடும் கேர்ள் ஸ்கவுட்டும் வந்து தங்கலாம். அதைப் படமாக வரைந்து வைத்தார்கள். கூடவே கோலம், மாவைத் தரையில் விட்டு. கேள்வி கேட்ட தோழி தன் ப்ரௌனிகளோடு வந்திருந்தார்! நேரில் பார்த்தது சந்தோஷம். கைடாக இருந்தபோது போட்ட இடது கைக் குலுக்கலை என் பிள்ளைகளிடம் காட்டினார், இங்கேயும் அதேதான், மூன்று விரல் வணக்கமும் அதேதான். "இந்தியாவிலும் இது இருக்கா?" என்று ஒருத்தி வாய் பிளந்தாள். என் மேசையை விட அந்த இரண்டு நிமிஷம் அவர்களுக்குப் பிடித்தது, அடுத்த வருஷம் அவரையே மேசையில் உட்கார வைக்கப் போகிறேன்.

மார்ச் 30

ஜூலியட் லோ படம் போட்ட கால் டாலர் நாணயம் இந்த மாதம் வந்துவிட்டது. குக்கிக் கல்லாவில் யாராவது போட்டால் மாற்றி எடுத்துக்கொள்ளக் காத்திருக்கிறேன்.

ஏப்ரல் 13

குக்கி முடிந்தது. கராஜில் மீண்டும் கார் நிற்கிறது.

செப்டம்பரிலிருந்து எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். உங்கள் கணவர் சொன்னதை ஜனவரியில் சுலபமாகத் தள்ளிவிட்டேனோ என்று தோன்றுகிறது. தேசிய அமைப்புக்கு அந்த இரண்டு கம்பெனிகளும் உரிமத்தொகை தருகின்றன. கவுன்சிலின் பங்கு ட்ரூப்பின் பங்கை விடப் பெரியது. அதில்தான் முகாம் நிலங்களும் ஊழியர் சம்பளமும் பயிற்சியும் நடக்கின்றன என்பது உண்மை, பல கவுன்சில்கள் முகாம் நிலத்தை விற்றுக்கொண்டிருக்கின்றன என்பதும் உண்மை. ஆகவே "இது வெறும் கற்றல்" என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், அது வியாபாரமும்தான்.

ஆனால் பணம் வந்த பிறகு நடப்பதையும் அவர் பார்க்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் நீர்ப்பூங்காவா, ப்ரான்ஸ் (வெண்கல) அவார்டுக்குத் தோட்டமா என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை. வெண்கல அவார்டு என்றால் ஜூனியர்கள் குழுவாகச் செய்வது, ஆளுக்கு இருபது மணி நேரம் என்று கணக்கு. பள்ளிக்குப் பின்னால் மோனார்க் வண்ணத்துப்பூச்சிக்கான மில்க்வீட் செடி வைக்கலாம் என்று ஒருத்தி. நீர்ப்பூங்கா என்று ஆறு பேர். நான் வாயைத் திறக்கவில்லை (மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்). கடைசியில் செடிக்குப் பாதி, மீதிக்கு நீர்ப்பூங்கா இல்லை, பக்கத்து ஊர் நீச்சல் குளம். தேவைக்கு வேண்டியதையும் ஆசைக்கு வேண்டியதையும் பிரித்து, தோற்றவர்களும் ஒப்புக்கொள்கிற மாதிரி முடிவெடுத்தார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இது இன்னும் நடக்கவில்லை.

மே 18

உண்ணிக் காலம். நியூ ஜெர்சிக் காட்டில் நடந்து வந்தால் காதுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பு, தலைமுடி வகிடு எல்லாம் பார்க்க வேண்டும், உண்ணி கடித்தால் வரும் லைம் நோய் இங்கே விளையாட்டு இல்லை. வெளிர் நிறக் கால்சட்டை, காலுறைக்குள் சொருகிவிடுங்கள். பிள்ளைகளுக்கு அழகாக இல்லையாம். இருக்கட்டும்.

செடி வைத்தாயிற்று. இந்த வாரம் முயல் தின்றது போக மீதி நிற்கிறது.

ஜூன் 8

பிரிட்ஜிங், அதாவது ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு ஏறும் சடங்கு, முடிந்தது. பூங்காவில் ஒரு சின்ன மரப்பாலம். அந்தப் பக்கம் கேடட்கள் நின்று கை நீட்ட, இவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். பச்சை வெஸ்ட் போய்க் காக்கி வருகிறது, அதாவது பேட்ஜ்களை மறுபடி தைக்கத் தொடங்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்திலேயே கடப்பார்கள், ஆயிரக்கணக்கில். எங்களுக்கு வாத்துகள் மட்டும் வந்திருந்தன.

பெற்றோரைப் பற்றி முதல் நாள் நான் எழுதியது கொஞ்சம் காரம். இந்த வருஷம் செய்த ஒரு மாற்றம் பலித்தது: "யாராவது உதவ முடியுமா?" என்று குழுவில் கேட்பதை நிறுத்திவிட்டேன். அந்தச் செய்திக்கு எல்லாரும் கட்டைவிரல் போடுவார்கள், ஆள் வராது. ஒருவருக்குத் தனியாக, "மார்ச் 8, இரண்டு மணி, ஐஸ்பெட்டி கொண்டு வர வேண்டும்" என்று அனுப்பினால் மறுப்பவர் குறைவு. தமிழ்ப் பள்ளியோடு மோதும் நாட்களையும் ஆகஸ்டிலேயே எழுதிக் கொடுத்தால் பாதித் தகராறு தீரும், நாங்கள் கடைசியில் வெள்ளிக்கிழமை மாலைக்கு மாறிவிட்டோம்.

புதுப்பிப்பவர்கள் கவனிக்க: 2026 உறுப்பினர் ஆண்டுக்குப் பிள்ளைகளுக்கு 45 டாலர், அதற்கடுத்த ஆண்டு 65. 2024 அக்டோபரில் வாக்கெடுத்து முடிவு செய்தது. முடியாதவர்களுக்குக் கவுன்சிலில் உதவித்தொகை உண்டு, கேட்கக் கூச்சப்பட வேண்டாம், படிவத்தில் ஒரு கட்டம் டிக் செய்வதுதான். ட்ரூப் பணத்திலிருந்தும் எல்லாருக்குமாகக் கட்டலாம், எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் தீர்மானித்திருக்கிறார்கள்.

ஜூன் 11

தனிச்செய்தியில் கேட்டதற்கு இங்கேயே பதில், மற்றவர்களுக்கும் உதவும். ஜூலைக் கோடை முகாமுக்கு 40 டிகிரி (ஃபாரன்ஹீட்) என்று போட்ட தூக்கப்பை போதும், பூஜ்யம் டிகிரிப் பையை வாங்காதீர்கள், உள்ளே வெந்துவிடுவாள். டார்ச்சுக்கு மாற்று பேட்டரி வையுங்கள். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், காலுறையிலும்.